வேலைப் பிரிவினை

நாற்பத்தொன்றாம் பக்கத்தின் ஓரத்தில் இருந்த மூன்று வரிகளில் இரண்டை மாஸ்டர் அழித்து முடித்தபோது, கட்டிலில் படுத்திருந்த மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“எந்த மாடி?”

மாஸ்டர் ரப்பரை மடியில் வைத்தார். இரண்டு நாளாக இதே கேள்விதான். தண்ணீர் கொண்டுவந்த மகளிடமும் கேட்டாள், ஊசி போட வந்த நர்ஸிடமும் கேட்டாள். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் லிஃப்ட் ஓட்டியவள். உடம்பு படுத்துவிட்டாலும் வாய் மட்டும் இன்னும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தது.

“வீட்லதான் இருக்கோம்,” என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். அவரையும், அவர் கையில் இருந்த மெல்லிய புத்தகத்தையும், வேட்டியில் உதிர்ந்து கிடந்த ரப்பர் தூளையும் பார்த்தாள். முகத்தில் தெளிவு வந்தது.

“எந்தப் பக்கம் வந்திருக்கீங்க?”

“நாப்பத்தொண்ணு.”

“மெதுவா அழிங்க மாஸ்டர். வெள்ளிக்கிழமைதானே திருப்பிக் குடுக்கணும். இன்னைக்குப் புதன்தான்.”

அவர் தையற்காரர். தெருவே அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டது. கட்டிய மனைவியும் அப்படியே கூப்பிட்டாள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். எந்தப் பாதி எப்போது வரும் என்பது அவருக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை.

அழிக்கிற வேலை அவர் கைக்கு வந்தது கல்யாணமான முதல் வருடத்தில். அவள் லிஃப்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆள் ஏறி இறங்கும் இடைவெளிகளில் படிப்பாள். தெருக்கோடி நூலகத்தில் தத்துவத்துக்கு ஒரு அலமாரி, பொருளாதாரத்துக்கு ஒரு அலமாரி. யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அவள் முதல் தட்டின் இடது ஓரத்திலிருந்து வரிசையாக எடுத்துவர ஆரம்பித்தாள். படிக்கிறவள் சும்மா படித்தாளா? பென்சிலை வைத்துக்கொண்டு பக்கத்தின் ஓரத்தில் எழுதுவாள். எழுதாவிட்டால் அவளுக்குப் படித்த மாதிரியே இருக்காது. நூலகர் ஒருநாள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை இப்படிக் கிறுக்கினால் கார்டை ரத்து செய்துவிடுவேன் என்று கத்திவிட்டார். வீட்டுக்கு வந்து அவள் கோபத்தோடு அழித்ததில் இரண்டு பக்கம் கிழிந்தது.

“இங்க குடு,” என்று வாங்கிக்கொண்டார் மாஸ்டர். துணியில் சாக்பீஸால் கோடு போடுவதும், தைத்து முடித்தபின் அந்தக் கோட்டைத் துணி நோகாமல் தட்டி எடுப்பதும் அவர் பிழைப்பு. காகிதமும் அவர் கைக்குத் துணி மாதிரிதான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் புத்தகம் கடையிலிருந்து வந்ததுபோல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவள் படிப்பாள், எழுதுவாள், அவர் அழிப்பார், அவள் கொண்டுபோய்க் கொடுப்பாள். எழுநூறு புத்தகத்துக்கு மேல் போயிருக்கும்.

அவர் அதையெல்லாம் படித்தார் என்பதுதான் யாருக்கும் தெரியாத சங்கதி.

முதலில் தற்செயலாகத்தான் படித்தார். அழிக்க வேண்டுமென்றால் பார்க்க வேண்டும், பார்த்தால் கண் சும்மா இருக்குமா? எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் படிப்பு. ஆனால் அவள் எழுத்து பொத்தான் தைத்ததுபோல் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். அச்சில் இருந்தது அவருக்குப் புரியாது, ஓரத்தில் இருந்தது புரியும். கண்ணுக்கு முன்னால் இல்லாத பொருள் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒரு தத்துவப் புத்தகம் ஐம்பது பக்கம் இழுத்திருந்தது. ஓரத்தில் அவள்: ‘கதவைச் சாத்தியதும் வெளியே நிற்பவர்களுக்கு நான் இல்லை, எனக்கு அவர்கள் இல்லை. நடுவில் ஒரு பொத்தான்தான். அதை அமுக்கினால் எல்லோரும் இருக்கிறோம்.’ மாஸ்டர் அதைப் படித்துவிட்டு வெகு நேரம் சிரித்தார். பிறகு அழித்தார்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். அதற்குள் இரண்டாம் வருடப் புத்தகம் ஒன்றில் இப்படி வந்துவிட்டது: ‘மாஸ்டர் இதையெல்லாம் படிப்பதில்லை. நல்லதாகப் போயிற்று. ஒரு ஆள்கூடப் படிக்காது என்று தெரிந்தால்தான் கைக்குத் தைரியம் வருகிறது.’

அதற்கு மேல் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தக் கை நின்றுவிடும். எனவே, ஒன்றும் தெரியாதவராகவே குடும்பம் நடத்தினார். சாப்பிடும்போது, “அந்தப் புத்தகத்துல அப்படி என்னதான் இருக்கு?” என்று வேண்டுமென்றே கேட்பார். “உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி,” என்பாள் அவள். அவருக்கு நிம்மதியாக இருக்கும்.

எல்லா வரியும் சிரிப்பாக இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதை விடுகிறோமோ, அந்த விட்டதுதான் எடுத்ததற்கு நாம் கொடுத்த விலை என்று ஒரு பொருளாதாரப் புத்தகம் சொன்னது. அதன் ஓரத்தில் எழுதியிருந்தாள்: ‘மேலே படித்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாது. விலை தெரியாமலே வாங்கிய வாழ்க்கை இது. நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். லாபம் என்று அவசரப்பட்டும் சொல்ல மாட்டேன்.’ அந்த வாரம் மாஸ்டருக்கு ஒரு தையல்கூட நேராக விழவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், சாயந்திரம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். ஏன் என்று அவள் கேட்டதற்கு, சும்மாதான் என்றார்.

அடுத்த மாதப் புத்தகத்தில், மனிதன் எதைச் செய்தாலும் தன் லாபத்துக்காகத்தான் செய்கிறான் என்ற அத்தியாயத்துக்குப் பக்கத்தில், பென்சில் முனை உடையும் அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தாள்: ‘தவறு. மாஸ்டர் நான்கு வாரமாகப் பாத்திரம் கழுவுகிறார்.’

அதை அழிக்க அவருக்கு மனமே வரவில்லை. ஆனாலும் அழித்தார். தேதி முடிந்திருந்தது.

ஒரே ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தார். மகள் எந்தப் படிப்பில் சேர்வது என்று முழித்துக்கொண்டு நின்றபோது, “எதை எடுத்தாலும் விட்டதுதாம்மா அதுக்கு விலை,” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். மனைவி கரண்டியும் கையுமாகத் திரும்பினாள்.

“யார் சொன்னது இது?”

“கடைக்கு வந்த ஒருத்தர்.”

“நல்லாப் படிச்சவர் போலிருக்கு.”

“இடுப்பு முப்பத்தெட்டு,” என்றார் மாஸ்டர். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் அந்தக் கைக்கு எழுத வலுவில்லை. இனிச் சொன்னால் என்ன? ‘படிச்சேன். எல்லாத்தையும் படிச்சேன்.’ அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இருபத்தெட்டு வருடம் பொய் சொன்ன வாய்க்கு நிஜம் அவ்வளவு சுலபத்தில் வருமா?

“இதப் பாரு...” என்று ஆரம்பித்தார்.

மகள் டம்ளரோடு உள்ளே வந்தாள். “அம்மா, ரெண்டு ஸ்பூன் குடிம்மா.” அம்மா குடித்தாள், பாதி தலையணையில் வழிந்தது. மகள் துடைத்துவிட்டாள். பிறகு நர்ஸ் வந்தார். நாடி பார்த்தார், மகளை வெளியே கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். மாஸ்டர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன் முறை வருவதற்குக் காத்திருப்பவர்போல் உட்கார்ந்திருந்தார்.

மதியம் தாண்டியது. சன்னல் திரை உள்ளே வந்து வந்து போனது. அழிக்காமல் விட்டிருந்த மூன்றாவது வரியை மாஸ்டர் மறுபடி படித்தார். காலத்தைப் பற்றிய புத்தகம் அது. ‘இப்போது’ என்பது எவ்வளவு நீளம் என்று அச்சில் கேட்டிருந்தது. அவர் அழித்த முதல் இரண்டு வரிகளில் அவள், ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் இருக்கிற அளவு, எந்த மாடியும் இல்லாத இடம் என்று எழுதியிருந்தாள். மூன்றாவது வரி: ‘அங்கேதான் நான் நிறையப் படித்தேன்.’ படுத்துக்கொண்டே எழுதியதில் எழுத்து சாய்ந்து, பூனைமுடி மாதிரி மெலிந்திருந்தது.

அவருக்குக் கண் சொக்கியது. அறை லேசாக அசைந்து, சத்தமில்லாமல் மேலே போக ஆரம்பித்தது. சன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர் கீழே இறங்கியது, பிறகு மரத்தின் கிளைகள், பிறகு வெறும் வெளிச்சம். கட்டில், மருந்து பாட்டில்கள், மடித்த போர்வை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் புத்தகம் இருந்தது. இறங்கவேண்டிய மாடி என்று எதுவும் இல்லாததால் யாருக்கும் அவசரமில்லை. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. இதில் சொல்லவும் ஒன்றுமில்லை, அழிக்கவும் ஒன்றுமில்லை.

“எந்த மாடி?”

விழித்துக்கொண்டார். அவள் கண் மூடியிருந்தது. மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பெரிய இடைவெளி விழுந்திருந்தது. அவளோடு லிஃப்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, இந்தத் தடவை அவர் வீடு என்று சொல்லவில்லை.

“மொட்டை மாடி,” என்றார்.

அவள் உதடு ஒரு பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. கிண்டல் பண்ணும்போது அப்படித்தான் இழுக்கும்.

“அங்க லிஃப்ட் போகாது மாஸ்டர். படி ஏறித்தான் போகணும்.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மூன்று மணிக்குச் சற்று முன்னால் அந்த இடைவெளி நீண்டு, அப்படியே நின்றது. மாஸ்டர் ரப்பரைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அது பாதியாக மடங்கி, அழுக்காகி, அவர் உள்ளங்கைச் சூட்டில் இளகியிருந்தது.

அன்றும் மறுநாளும் ஆட்கள் வந்தார்கள். அலுவலகக் கட்டடத்திலிருந்து ஒரு வண்டி நிறைய வந்தார்கள். ஐந்தாம் மாடிக் கணக்கர், அவள் இல்லாத நாளில் லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் குலுங்கும், அவள் கையில் மட்டும் அது பூனை மாதிரி நிற்கும் என்றார். வாசல் காவலாளி, “ஒருநாள் கேட்டாங்க, நீ காவல் காக்கிறது கட்டடத்தையா, கட்டடத்துக்குள்ள இருக்கிற பயத்தையான்னு. இன்னும் யோசிச்சிட்டு இருக்கேன் மாஸ்டர்,” என்று சொல்லிவிட்டு அழுதார். மாஸ்டருக்கு அந்தக் கேள்வி தெரியும். எந்தப் புத்தகத்தின் எந்த ஓரத்தில் முதலில் வந்தது என்றுகூடத் தெரியும். தலையை மட்டும் ஆட்டினார்.

எல்லாம் முடித்துத் திரும்பும்போது வியாழன் சாயந்திரம். வழி நெடுக அவர் மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாற்பத்திரண்டாம் பக்கம் முதல் கடைசி வரைக்கும் நூறு பக்கத்துக்கு மேல் அவள் கையெழுத்து அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. இதை அழிக்கப் போவதில்லை. நூலகத்தில் தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். திட்டினால் திட்டட்டும். பொய் சொல்வது அவருக்கு ஒன்றும் புதிதில்லையே!

மகள் மதியமே வீடு திரும்பியிருந்தாள். அறையைப் பெருக்கி, மருந்து பாட்டில்களை எடுத்து, படுக்கை உறைகளை மாற்றியிருந்தாள். மேசைமேல் அந்த மெல்லிய புத்தகம் இருந்தது. பக்கத்தில் புது ரப்பர் ஒன்று, ஓரம் தேய்ந்து கிடந்தது.

“நாளைக்குத் தேதி முடியுதுப்பா,” என்றாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. “மறக்காம குடுக்கணும்னு அம்மா சொல்லிட்டே இருந்தாங்க. எப்பவும் நீங்கதான் அழிப்பீங்க. இன்னைக்கு உங்களுக்கு அந்தக் கஷ்டம் வேணாம்னு மிச்சத்த நானே உக்காந்து அழிச்சிட்டேன்.”

மாஸ்டர் புத்தகத்தை எடுத்தார். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. அறுபது. எண்பத்தைந்து. ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவரே அழித்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கையை விட்டு நழுவி, விழுகிற சத்தமே கேட்காமல் கீழே போனது.

“படிச்சியா?” என்று கேட்டார்.

“இல்லப்பா.” மகள் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். “அம்மா தனக்குன்னு எழுதிக்கிட்டது. இத்தனை வருஷமா நீங்களே படிச்சதில்ல, நான் படிப்பேனா?”

அவளைத் திட்ட என்ன இருக்கிறது? வளர்ந்த வீட்டில் பார்த்ததைத்தான் செய்திருக்கிறாள். அவர் சொன்ன பொய்யை அவளும் அம்மாவைப் போலவே நம்பியிருந்தாள். உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது மாஸ்டருக்கு.

“நல்லா அழிச்சிருக்கே,” என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறந்தார். தைக்கிற எண்ணம் இல்லை. போய் உட்கார வேறு இடம் இல்லை. தையல் மெஷின் கிழக்குச் சன்னலை ஒட்டி இருந்தது. துணியில் இழை ஓடும் திசையைப் பார்க்க அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பது அவர் வழக்கம். கை பழக்கத்தில் புத்தகத்தையும் அப்படிச் சாய்த்தது.

காகிதத்தில் லேசான குழிகள் தெரிந்தன.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நாற்பத்திரண்டில் ஒன்றும் இல்லை. ஐம்பதில் ஒரு ‘ஏன்’ இருந்த மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. படுக்கையில் எழுதிய கைக்குக் காகிதத்தை அழுத்த வலுவில்லை. அந்தப் பக்கங்கள் போனது போனதுதான். ஆனால் எந்தப் புத்தகம் வந்தாலும் அவள் முதலில் படிப்பது கடைசிப் பக்கத்தை. முடிவு தெரிந்துவிட்டால் நடுவில் நிம்மதியாக இருக்கலாம் என்பாள். இந்தப் புத்தகத்தை எடுத்துவந்த நாளில் எழுந்து உட்கார்ந்து காப்பி குடித்தாள். அன்று கையில் தெம்பு இருந்தது.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அச்சு முடிந்து, கீழே பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் பள்ளம் பள்ளமாக இரண்டு வரிகள் ஓடின. வெளிச்சத்தில் எப்படிப் பிடித்தாலும் எழுத்துக் கூட்ட முடியவில்லை.

மேசை இழுப்பறையிலிருந்து நீல சாக்பீஸை எடுத்தார். தட்டையானது, கோடு போட்டுப் போட்டு ஓரம் மழுங்கியது. அதைப் படுக்கவைத்து, குழந்தைக்கு நெற்றியில் தைலம் தடவுவதுபோல் காகிதத்தின்மேல் தடவினார். மேடெல்லாம் நீலமானது. பள்ளங்கள் வெள்ளையாகவே நின்றன. தெரிந்த கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் பொத்தான் தைத்த மாதிரி, தனித்தனியாக எழுந்து வந்தது.

‘இத்தனை வருஷம் படிச்சீங்களே மாஸ்டர். ஓரத்துல எனக்கு ஒரு பதில் எழுதியிருக்கக் கூடாதா?’

வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். ஒரு வாடிக்கையாளர் வாசலில் நின்று, கூப்பிடத் தயங்கி, திரும்பிப் போனார். மாஸ்டர் தோள் குலுங்கக் குலுங்க அழுதார், நடுவில் சிரிப்பும் வந்தது. இடுப்பு முப்பத்தெட்டு என்று அவர் சொன்னபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கும் முன்னால், பாத்திரம் கழுவியபோதே தெரிந்திருக்கும். படிக்கிறார் என்று தெரிந்தும் அந்தக் கை நிற்காமல் எழுதியிருக்கிறது. அவர்தான் அதை நம்பாமல் விட்டுவிட்டார்.

அளவு குறிக்கும் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். முனையைச் சீவினார். ஒரு புத்தகத்தில் அவர் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீலத்துக்குக் கீழே, அளவுப் புத்தகத்தில் எழுதுகிற அதே கோணல் எழுத்தில் எழுதினார்:

‘இதில் மட்டும் 41 வரைதான் படித்தேன். மற்றது எல்லாம் முழுசாக.’

தட்டிவிடாமல், ஊதிவிடாமல் புத்தகத்தை மூடினார்.

நூலகத்தில் பழைய நூலகரேதான் இருந்தார். முடி நரைத்துவிட்டது, குரலும் இறங்கிவிட்டது. எழுந்து நின்று மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு புத்தகத்தை வாங்கி முத்திரை குத்தினார். புரட்டிப் பார்க்கவில்லை.

“உங்க வீட்லேர்ந்து வர்ற புத்தகத்தப் பாக்கவே வேணாம் மாஸ்டர்,” என்றார். “அன்னைக்கு ஒரு தடவை கத்தினேன். அப்புறம் ஒரு புள்ளிகூட இருந்ததில்ல.” விரலில் ஒட்டிய நீலப் பொடியைப் பார்த்தார். தையற்காரர் கையிலிருந்து ஒட்டியது என்று நினைத்தாரோ என்னவோ, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, புத்தகத்தைத் தள்ளுவண்டியில் மற்ற புத்தகங்களோடு வைத்தார்.

மாஸ்டர் போகாமல் நின்றார். உள்ளே, கோடியில், அந்த இரண்டு அலமாரிகள் தெரிந்தன.

“அங்க இருக்கிறத நான் எடுக்கலாமா?”

“கார்டு இல்லாம வீட்டுக்குக் குடுக்க முடியாதே. இங்கயே உக்காந்து வேணும்னா படிக்கலாம். சாயந்திரம் ஆறு வரைக்கும் திறந்திருக்கும்.” பிறகு தயங்கிச் சொன்னார், “அதெல்லாம் கொஞ்சம் கஷ்டமான புத்தகம் மாஸ்டர்.”

“பரவால்ல. மெதுவாப் பாக்கிறேன்.”

தத்துவ அலமாரியின் முன்னால் போய் நின்றார். முதல் தட்டு, இடது ஓரம். முதல் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். சன்னலோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திறந்து, வெளிச்சத்துக்கு லேசாகச் சாய்த்துப் பிடித்தார்.